நீண்ட கோடு நடுங்குகிறது: நான்கு மாதப் பயிற்சித் தாள்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்

மைத்துளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 29 வயதாகிறது. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான் படித்த பள்ளியில் ஓவிய வகுப்பு கால அட்டவணையில் மட்டுமே இருந்தது. அந்த நேரத்தைக் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ எடுத்துக்கொள்வார்கள். அதனால் முறையாக எதையும் கற்றதில்லை. தை மாதத்தில், அடிப்படையிலிருந்து தொடங்குவது என்று முடிவெடுத்து, அன்றுமுதல் இரவு உணவுக்குப் பிறகு முக்கால் மணி நேரம் மேசையில் உட்கார்ந்து வருகிறேன்.

ஏ4 தாளில் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வைத்து, ஸ்கேல் இல்லாமல், 0.5 ஜெல் பேனாவால் அவற்றை இணைக்கிறேன். ஒரு தாளுக்கு இருபது கோடுகள். அதன்பின் ஒரு தாள் நீள்வட்டங்கள், ஒரு தாள் பெட்டிகள். இதுவரை முந்நூறு தாள்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும் கோடுகள் இப்போது ஓரளவு சுத்தமாக வருகின்றன. பத்தைத் தாண்டினால் நடுவில் நடுங்குகிறது. நடுங்காத கோடு வளைந்துவிடுகிறது.

இதைவிட என்னை வருத்துவது இன்னொன்று. பயிற்சித் தாளில் நன்றாக வரும் கோடு, ஒரு பொருளைப் பார்த்து வரையும்போது வருவதில்லை. வீட்டிலிருக்கும் டபரா டம்ளரை வைத்து வரைந்த படத்தை நான்காவதாக இணைத்துள்ளேன். அதில் ஒரு கோடுகூட ஒரே கோடாக இல்லை. சிறுசிறு கீறல்களை அடுக்கி அடுக்கி ஒப்பேற்றியிருக்கிறேன். முதல் மூன்று படங்கள் முதல் வாரம், இரண்டாம் மாதம், சென்ற வாரம் என்ற வரிசையில் உள்ள பயிற்சித் தாள்கள். குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

கரிக்கோல் எழுதியது:

தம்பி, நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். மூன்று தாள்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி குறித்து வைத்திருப்பது மிக நல்ல பழக்கம். அது இருந்தால்தான் மற்றவர்கள் எதையாவது உருப்படியாகச் சொல்ல முடியும்.

உங்கள் கோடுகளின் தொடக்கத்தைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாக் கோடுகளும் ஒரு சிறிய மைப்பொட்டோடு தொடங்குகின்றன. ஜெல் மை சாதாரண ஜெராக்ஸ் தாளில் சட்டென்று ஊறும். பேனா முனை எங்கே நின்றதோ அங்கே பொட்டு விழும். அதாவது பேனாவைத் தாளில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கிறீர்கள். மூன்றாவது தாளில், பத்தாவது கோட்டில், நடுவில் இன்னொரு பொட்டு இருக்கிறது. அங்கேயும் கை நின்றிருக்கிறது. அந்த இடத்திலிருந்துதான் நடுக்கம் தொடங்குகிறது.

இரண்டாவது, வளைந்த கோடுகள் எல்லாமே ஒரே பக்கம் வளைந்திருக்கின்றன. இடமிருந்து வலமாகப் போகும் கோடு, நடுவில் மேல்நோக்கிப் புடைத்து, முடியும்போது கீழே இறங்குகிறது. நீங்கள் வலக்கைக்காரர் என்று நினைக்கிறேன். மணிக்கட்டைத் தாளில் ஊன்றி அதையே மையமாக வைத்து இழுத்தால், கவராயம் வரைவதுபோல வில்தான் வரும். குட்டைக் கோட்டில் அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது, நீண்ட கோட்டில் தெரிந்துவிடும். உங்கள் ஐந்து சென்டிமீட்டர் கோடுகள் சுத்தமாக இருப்பதற்கும் பதினைந்து சென்டிமீட்டர் கோடுகள் வளைவதற்கும் காரணம் ஒன்றுதான்.

ஆகவே மணிக்கட்டையும் முழங்கையையும் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். சுண்டுவிரலின் நகப்பக்கம் மட்டும் தாளை உரசிக்கொண்டு போகட்டும். அசைவு தோளிலிருந்து வர வேண்டும். முதல் ஒரு வாரம் இது இன்னும் மோசமாக இருக்கும், தோளுக்கு நுண்மையான வேலை பழக்கமில்லை என்பதால். அதைக் கண்டு பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

பேனாவைத் தாளில் வைப்பதற்கு முன், காற்றில், தாளுக்கு ஒரு நூல் உயரத்தில், தொடக்கப் புள்ளிக்கும் முடிவுப் புள்ளிக்கும் இடையே கையை நான்கைந்து முறை ஓட்டிப் பாருங்கள். அசைவு தடையில்லாமல் வந்த பிறகு, அதே வேகத்தில் பேனாவைத் தாளில் இறக்கி ஒரே இழுப்பில் முடியுங்கள். அப்போது கண் பேனா முனையில் இருக்கக் கூடாது, முடிவுப் புள்ளியில் இருக்க வேண்டும். கோடு புள்ளியைத் தவறவிட்டால் விட்டுவிடுங்கள். அதன் மேல் இரண்டாவது கோடு போட்டுத் திருத்தவே திருத்தாதீர்கள். முதலில் கோடு நேராகவும் தெளிவாகவும் போகட்டும்; புள்ளியில் போய்ச் சேர்வது அதற்கு அடுத்த கட்டம். இந்த வரிசையை மாற்றினால், புள்ளியை எட்ட வேண்டும் என்ற பயத்தில் கை மெதுவாகிவிடும், மெதுவானால் நடுங்கும்.

நாங்கள் ஃப்ரீஹேண்ட் லோயர், ஹையர் என்ற அரசு ஓவியத் தேர்வுகளுக்குத் தயாரானபோது, எங்கள் மாஸ்டர் முதல் மாதம் தாளையே கொடுக்கவில்லை. கரும்பலகையில் சாக்பீஸால் நின்றுகொண்டு வரையச் சொன்னார். பலகை முன்னால் நின்றால் மணிக்கட்டை ஊன்ற இடமே கிடையாது, தோள் தானாக வேலை செய்யும். உங்களிடம் பலகை இல்லையென்றால், பழைய செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கரித்துண்டாலோ தடித்த கிரேயானாலோ ஒரு முழம் நீளத்துக்குக் கோடு இழுங்கள். மேசையில் உட்கார்வதற்கு முன் பத்து நிமிடம் போதும்.

நேர்வரை எழுதியது:

கரிக்கோல் ஐயா சொன்னதில் கை சார்ந்த பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நான்காவது படத்தின் சிக்கல் வேறு என்பது என் கருத்து.

நான் சென்னையில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் ஆறு ஆண்டுகள் கிளீன்-அப் வேலை செய்தவன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அனிமேட்டர் வேகமாகக் கீறிய படத்தை லைட் பாக்ஸில் வைத்து, அதன் மேல் புதிய தாளைப் பரப்பி, கீறல்களில் எது சரியான கோடு என்று முடிவு செய்து, அதை மட்டும் ஒற்றைக் கோடாக வரைவதுதான் அந்த வேலை. கோடு ஒரு மயிரிழை தடித்தாலும் படம் ஓடும்போது திரையில் துடிக்கும். அந்த ஆறு ஆண்டுகளில் நான் கண்டது என்னவென்றால், கை நன்றாக இருப்பவர்களுக்கும் சில இடங்களில் கோடு கெடும். அந்த இடங்கள் எப்போதும் உருவம் புரியாத இடங்களாகவே இருக்கும். காது தலையோடு சேரும் இடம், சட்டைக்கையின் மடிப்பு உள்ளே மறையும் இடம் போன்றவற்றில் கை தடுமாறும். அங்கே என்ன நடக்கிறது என்று ஒருவர் விளக்கிவிட்டால், அதே கை அடுத்த நிமிடம் சுத்தமாகக் கோடு போடும்.

மைத்துளி, உங்கள் டம்ளர் படத்தின் பக்கவாட்டுக் கோடுகளைப் பாருங்கள். அவை இரண்டு நேர்கோடுகள், உங்கள் பயிற்சித் தாளில் இருப்பதைவிடக் குட்டையானவை. இருந்தும் அவற்றில் ஏழெட்டுக் கீறல்கள் உள்ளன. உங்களுக்கு அந்த நீளத்தில் கோடு போடத் தெரியும் என்பதை முதல் மூன்று தாள்களே சொல்கின்றன. ஆகவே கையைக் குறைசொல்ல முடியாது. டம்ளரின் விளிம்பு எங்கே முடிகிறது, அடி எவ்வளவு குறுகுகிறது என்பதை நீங்கள் முடிவு செய்யாமலே கோட்டைத் தொடங்கியிருக்கிறீர்கள். கோட்டை வைத்தே அந்த இடத்தைத் தேடுகிறீர்கள். பயிற்சித் தாளில் இரண்டு புள்ளிகள் முன்கூட்டியே இருக்கின்றன. டம்ளரில் அந்தப் புள்ளிகளை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

இதனால் முக்கால் மணி நேரத்தையும் கோட்டுப் பயிற்சிக்கே செலவிடுவது சரியில்லை என்று நினைக்கிறேன். பதினைந்து நிமிடம் கோடு, மீதி அரை மணி நேரம் ஏதாவது ஒரு பொருளைப் பார்த்து வரைதல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்த வரைதலிலும், முதலில் மெல்லிய பென்சிலால் புள்ளிகளை மட்டும் குறியுங்கள்: வாய்விளிம்பின் இடமுனை, வலமுனை, அடியின் இருமுனைகள். அவற்றின் அகலத்தையும் உயரத்தையும் பென்சிலை நீட்டிப் பிடித்து அளந்து ஒப்பிடுங்கள். பிறகு பேனாவை எடுத்து, ஐயா சொன்ன முறையில் ஒரே இழுப்பில் இணையுங்கள்.

இன்னொன்று: தாளைத் திருப்பிக்கொள்ளுங்கள். எங்கள் மேசையில் வட்டமான சுழலும் பலகை இருக்கும், தாள் அதில்தான் மாட்டியிருக்கும். ஒவ்வொருவர் கைக்கும் எளிதாக வரும் ஒரு திசை உண்டு. எனக்குக் கீழ் இடத்திலிருந்து மேல் வலத்துக்குப் போகும் திசை. எந்தக் கோடாக இருந்தாலும் அந்தத் திசைக்குத் தாளைச் சுழற்றிவிட்டுத்தான் வரைவேன்.

மாக்கோலம் எழுதியது:

நான் ஓவியம் கற்றவள் இல்லை. கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவள், ஐம்பது வருடமாகக் கோலம் போட்டு வருகிறேன். கரிக்கோல் அவர்கள் எழுதியதைப் படித்தபோது எங்கள் பாட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படியே நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன்.

மாக்கோலத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, நீர்க்கக் கரைத்துக்கொள்வோம். ஒரு சிறிய துணித்துண்டை அதில் நனைத்து விரல்களுக்குள் அடக்கிப் பிடித்தால், மாவு மோதிர விரல் வழியாக இறங்கும். அந்த விரல் நுனியால்தான் இழை இழுக்க வேண்டும். துணியை அழுத்துவது ஒரே அளவாக இருந்தாலும், கை ஓடும் வேகம் மாறினால் இழையின் பருமன் மாறிவிடும். தயங்கினால் அந்த இடத்தில் மாவு தேங்கிக் குளமாகும். அவசரப்பட்டால் இழை மெலிந்து அறுபடும். நீங்கள் பேனாவில் பார்த்த அந்த மைப்பொட்டு, எங்களுக்கு மாவுப்பொட்டு. காய்ந்த பிறகு அது இன்னும் வெள்ளையாகத் தெரியும், மறைக்கவே முடியாது.

பாட்டி என்னிடம் சொன்னது, விரலைப் பார்க்காதே, போகவேண்டிய புள்ளியைப் பார் என்பதுதான். சிக்குக் கோலத்தில் இழை புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வரும். ஒரு புள்ளியைச் சுற்றும்போதே கண் அடுத்த புள்ளிக்குப் போய்விட வேண்டும். இடுப்பை வளைத்துக் குனிந்து நிற்கும்போது கை தோளிலிருந்து தொங்கும் அல்லவா, அதனால் மணிக்கட்டை ஊன்றுவது என்ற பேச்சே எழாது. உட்கார்ந்து போட்டால் எனக்கும் பெரிய வளைவுகள் கோணலாகத்தான் வரும்.

தம்பி, நீங்கள் வீட்டு வாசலில் ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஆண்கள் போடக்கூடாது என்று யாரும் சட்டம் எழுதிவைக்கவில்லை.

மைத்துளி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மைப்பொட்டை இதுவரை நான் கவனித்ததே இல்லை. பழைய தாள்களை எடுத்துப் பார்த்தால் முதல் வாரத்திலிருந்தே இருக்கிறது. நான்கு மாதமாக ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பப் பழகியிருக்கிறேன் என்பது தெரிந்தபோது மனம் கனத்தது. யாரிடமாவது முன்பே காட்டியிருக்க வேண்டும்.

எனக்கு இரண்டு கேள்விகள் உள்ளன. சில்பி அவர்களின் கோயில் சிற்பப் படங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். அவற்றைப் பார்த்து வரைவது, அல்லது மேலே தாள் வைத்து எடுப்பது, கோட்டின் தரத்தை உயர்த்துமா, அல்லது அது கெட்ட பழக்கமா? அடுத்து, வேலைக்குச் செல்லும் வழியில் டேப்லெட்டில் பழகலாமா?

பச்சைமண் எழுதியது:

டேப்லெட் பற்றி மட்டும் சொல்கிறேன், நான் அன்றாடம் அதில்தான் வேலை செய்கிறேன். வரையும் செயலிகளில் நடுக்கத்தைத் தானாகச் சமன்செய்யும் வசதி இருக்கிறது. கிரிட்டாவில் ஸ்டெபிலைசர் என்றும் புரோகிரியேட்டில் ஸ்ட்ரீம்லைன் என்றும் அதற்குப் பெயர். வேலைக்கு அது பெரிய உதவி. பயிற்சி செய்யும்போது மட்டும் அதை முழுவதுமாக அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் கையின் உண்மையான நிலை உங்களுக்கே தெரியாது. திரை வழுக்கும் என்பதால் முதலில் தாளில் பழகுவது நல்லது. ஓடும் பேருந்தில் கோடு பழகுவதில் பயனில்லை; அந்த நேரத்தில் எதிர் இருக்கையில் இருப்பவரின் தோள் சாய்வையும் தலையின் திருப்பத்தையும் பார்த்து மனத்தில் இருத்துங்கள், அதுவும் பயிற்சிதான்.

கரிக்கோல் எழுதியது:

நேர்வரை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் பயிற்சித் தாள்களை மட்டும் கூர்ந்து பார்த்துவிட்டு டம்ளர் படத்தைக் கடந்து போய்விட்டேன். நடுக்கம் மூட்டிலிருந்தும் வரும், முடிவெடுக்காத மனத்திலிருந்தும் வரும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

படியெடுப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1880-இல், தமது 27-ஆம் வயதில், ஓவியராவது என்று முடிவு செய்த வின்சென்ட் வான் கோ, பெல்ஜியத்தின் சுரங்கப் பகுதியில் ஒரு சிறிய அறையில் இருந்துகொண்டு, சார்ல் பார்க் என்பவர் உருவாக்கியிருந்த கரிக்கோல் பயிற்சித் தாள்கள் அறுபதையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். மனித உருவத்தின் புறக்கோடுகள்தான் அவை. பிறகு 1890-இல், தமது கடைசி ஆண்டில், எத்தனையோ ஓவியங்களை முடித்துவிட்ட நிலையிலும், அதே தாள்களை மறுபடியும் வரைய வேண்டும் என்று கேட்டு எழுதினார். அதனால் பார்த்து வரைவதில் குறையொன்றும் இல்லை. பார்க் வகுத்த முறையில் கவனிக்க வேண்டியது, வளைவுகளை முதலில் சில நேர்கோடுகளாக உடைத்துப் போட்டு, திருப்பங்கள் எங்கே என்று கண்டுபிடித்த பிறகே வளைவுக்குப் போவது. நேர்வரை சொன்ன புள்ளி வைக்கும் வேலையும் இதுவும் ஒன்றே.

மேலே தாள் வைத்து எடுப்பதும் கைக்கு நல்லதுதான், கண்ணுக்கு அதனால் பயனில்லை. வாரத்தில் ஒருநாள் செய்யலாம்.

சில்பியை எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு, ஆனால் தொடக்கத்தில் கடினமான தேர்வும்கூட. ஆனந்த விகடனுக்காக அவர் கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் எதிரில் உட்கார்ந்து வரைந்தவர். அவருடைய படத்தில் ஒரு தூணின் நிழலுக்குள்கூட நூற்றுக்கணக்கான நுண்கோடுகள் இருக்கும். அவை எல்லாம் கல்லின் வளைவைப் பின்பற்றி ஓடும். கோட்டை மட்டும் கற்க வேண்டுமானால் ஆதிமூலத்தைப் பாருங்கள். 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களில், கறுப்பு மை மட்டுமே இருக்கும். ஓரிடத்தில் வேகமாக விழுந்த கோடு, இன்னோரிடத்தில் தளர்ந்து உடைந்த கோடு என்று, ஒவ்வொன்றும் அவர் வேண்டுமென்றே போட்டது தெரியும். கோபுலுவின் படங்களில் நேர்மாறாக, மெல்லிய ஒரு கோடு மேல்துண்டின் எடையையும் சொல்லும், அதை அணிந்தவரின் மிடுக்கையும் சொல்லும். அவர் முதுமையில் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த பிறகு, இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். எங்கே போக வேண்டும் என்பது தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது என்று நான் நம்புகிறேன். இதை என் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மைத்துளி எழுதியது (பதினாறு நாள்களுக்குப் பிறகு):

இரண்டு வாரம் சொன்னபடி செய்துவிட்டு எழுதுகிறேன். சமையலறைச் சுவரில் செய்தித்தாள் ஒட்டினேன். முதல் மூன்று நாள் தோள்பட்டை வலித்தது. நான்காம் நாளிலிருந்து சுவரில் வரும் கோடுகள் எனக்கே வியப்பாக இருக்கும் அளவுக்கு நேராக வந்தன. ஆனால் மேசையில் உட்கார்ந்ததும் மணிக்கட்டு தானாகத் தாளில் ஊன்றிக்கொள்கிறது.

இருபது கோடுகளில் எத்தனை முடிவுப் புள்ளியைத் தொட்டன என்று ஒவ்வொரு தாளின் மூலையிலும் எழுதி வைத்தேன். பழைய முறையில் பதினான்கு, பதினைந்து தொட்டன. புதிய முறையில் முதல் வாரம் நான்கு, இப்போது ஒன்பது. மைப்பொட்டு ஏறக்குறைய மறைந்துவிட்டது. எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்து ஓரிரவு எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று தோன்றியது. மறுநாள் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனைவியிடம் காட்டினேன். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டதற்கு, எதையும் யோசிக்காமல் புதியதைக் காட்டினார். புள்ளியைத் தவறவிட்ட கோடுகள்தான் அதில் அதிகம்.

ஐந்து புள்ளிக் கோலமும் போட்டேன் அம்மா. மாவு மூன்று இடங்களில் தேங்கியது.

புதிய டபரா டம்ளர் படத்தை இணைத்துள்ளேன். புள்ளிகளை முதலில் குறித்துவிட்டு வரைந்தது.

நேர்வரை எழுதியது:

முதல் படத்தையும் இதையும் ஒப்பிட்டேன். டம்ளரின் இரண்டு பக்கக் கோடுகளும் இப்போது தலா ஒரே கோடு. இடப்பக்கக் கோடு அடியைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் வெளியே ஓடியிருக்கிறது, அது எனக்குக் குறையாகவே படவில்லை.

மேசையில் மணிக்கட்டு ஊன்றுவதற்கு நாற்காலியின் உயரமும் காரணமாக இருக்கலாம். மேசை உங்கள் மார்புக்கு அருகில் இருந்தால் கையைத் தூக்கவே முடியாது. பரீட்சை அட்டையின் ஒரு முனையை மடியிலும் மறுமுனையை மேசை விளிம்பிலும் சாய்த்து வைத்து, தாளை அதில் கிளிப் போட்டு வரைந்து பாருங்கள். சுவருக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு நிலை கிடைக்கும்.

இனி நீள்வட்டங்களைப் பார்ப்போம். டம்ளரின் வாயையும் டபராவின் வாயையும் ஒரே அளவு விரிந்த நீள்வட்டங்களாக வரைந்திருக்கிறீர்கள். இது நடக்காது. கண்மட்டத்துக்கு நெருங்க நெருங்க வட்டம் ஒடுங்கும், கண்மட்டத்தில் ஒரு நேர்கோடாகவே தெரியும். கீழே போகப் போக விரிந்து முழுவட்டத்தை நெருங்கும். டம்ளர் உயரமானது என்பதால் அதன் வாய் உங்கள் கண்ணுக்கு அருகில் இருக்கிறது. ஆகவே ஒடுங்கிய நீள்வட்டம். டபரா தாழ்வானது, அதன் வாய் அதைவிட விரிந்திருக்க வேண்டும். டபராவின் அடிவட்டம் இன்னும் விரிய வேண்டும். உங்கள் படத்தில் அடியைத் தட்டையாக ஒரே நேர்கோடாக முடித்திருக்கிறீர்கள், அதனால் டபரா மேசையில் உட்காராமல் வெட்டி ஒட்டியதுபோல நிற்கிறது.

டம்ளரின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய அச்சுக் கோடு போடுங்கள். எல்லா நீள்வட்டங்களின் அகலமான திசையும் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். உங்கள் டம்ளர் வாய் வலப்பக்கம் சற்றுச் சரிந்திருப்பது அந்தக் கோடு போட்டால் உடனே தெரியும்.

கரிக்கோல் எழுதியது:

நீள்வட்டத்தின் இரண்டு முனைகளையும் கூர்மையாக முடிக்கிறீர்கள், மாவடுபோல இருக்கின்றன. மேல் பாதி ஒரு வில், கீழ்ப் பாதி ஒரு வில் என்று இரண்டு துண்டாக வரைவதால் இது நேர்கிறது. எவ்வளவு ஒடுங்கிய நீள்வட்டமாக இருந்தாலும் முனையில் ஒரு சிறிய திருப்பம் உண்டு, அங்கே மூலை கிடையாது. ஒரே சுற்றாக, பேனாவை எடுக்காமல், இரண்டு முறை சுற்றிவிடுங்கள். டம்ளருக்குப் பின்னால் மறையும் டபராவின் விளிம்பையும் முழுதாகவே சுற்றுங்கள். மறைந்த பகுதியை விட்டு வரைந்தால் இந்தப் பக்கம் போன கோடும் அந்தப் பக்கம் வந்த கோடும் ஒரே வட்டத்தில் சேராது. உங்கள் படத்தில் அதுவும் நேர்ந்திருக்கிறது.

கோட்டின் பருமனுக்கு இன்னும் போக வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: டபரா மேசையைத் தொடும் இடத்தில் கோட்டைச் சற்று அழுத்தமாகப் போடுங்கள், வெளிச்சம் விழும் விளிம்பை மெல்லியதாக விடுங்கள். படத்தில் எடை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இனி உங்கள் தாள்களில் நீங்களே சிவப்புப் பேனாவால் இரண்டு குறிகள் போட்டுவிட்டு எங்களிடம் காட்டுங்கள். எது சிறந்த கோடு, எது மோசமான கோடு, ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். நாங்கள் சொல்வதைவிட அந்த ஒரு வரி உங்களுக்கு அதிகம் உதவும்.

மாக்கோலம் எழுதியது:

மாவு மூன்று இடங்களில்தான் தேங்கியது என்றால் முதல் கோலத்துக்கு நன்றாகவே போட்டிருக்கிறீர்கள். அது இழை திரும்பும் இடங்களாக இருக்கும். திரும்புவதற்கு முன்பே கண் அடுத்த புள்ளிக்குப் போகவில்லை, அதனால் கை காத்திருந்திருக்கிறது. கரிக்கோல் அவர்கள் சொன்ன டபரா முனையும் அதே இடம்தான். திருப்பத்தில் நிற்காமல் போய்வாருங்கள்.

மைத்துளி எழுதியது (ஒன்பது நாள்களுக்குப் பிறகு):

பரீட்சை அட்டை முறை எனக்குப் பொருந்துகிறது. டபரா டம்ளரை முதலில் தரையில் வைத்தும், பிறகு நாற்காலியில் வைத்தும், கடைசியில் அலமாரியின் மேல்தட்டில் கண்மட்டத்தில் வைத்தும் வரைந்தேன். தரையில் வைத்தபோது டபராவின் வாய் ஏறக்குறைய முழுவட்டமாகவே தெரிந்தது. அலமாரியில் டம்ளரின் வாய் ஒரு கோடாகிவிட்டது. அதைக் கோடாக வரையக் கைக்கு மனமே வரவில்லை, வட்டம் என்று தெரிந்த ஒன்றை எப்படிக் கோடாகப் போடுவது என்று இருந்தது. இரண்டு முறை தவறாக வரைந்து, மூன்றாம் முறை போட்டுவிட்டேன்.

மூன்று படங்களையும் இணைத்துள்ளேன். சிறந்த கோடாகக் குறித்திருப்பது இரண்டாவது படத்தில் டபராவின் முன்விளிம்பு. இடமுனையில் நிற்காமல் திரும்பியிருக்கிறது. மோசமானது மூன்றாவது படத்தில் டம்ளரின் வலப்பக்கம். அங்கே கண் பேனா முனைக்கு வந்துவிட்டது, அது எந்த இடத்தில் நடந்தது என்பதைக் கோட்டிலேயே காண முடிகிறது.

கரிக்கோல் எழுதியது:

சரியாகக் குறித்திருக்கிறீர்கள், நானும் அந்த இரண்டையும்தான் எடுத்திருப்பேன். முதல் படத்தில் டபராவின் வலமுனை இன்னும் மாவடுவாகவே இருக்கிறது, இடமுனை சரியாகிவிட்டது. தாளைத் தலைகீழாகத் திருப்பி அந்த முனையை இடப்பக்கம் கொண்டுவந்து பத்து முறை சுற்றுங்கள். அடுத்த வாரம் தூக்குவாளியை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கட்டும்.

மைத்துளி எழுதியது:

தூக்குவாளி ஊரில் அம்மாவிடம் இருக்கிறது ஐயா. சனிக்கிழமை போய் எடுத்து வருகிறேன்.